முட்டை முதிர்வதற்கு உத்தரவிடுவது யார்?

"முட்டைகள் முதிர்ச்சியடையவில்லை." ஆங்கிலத்தில் ஒரே வரியாக எழுதப்பட்டிருந்த இந்தக் குறிப்பைத் தமிழில் சொல்லித் தருமாறு கேட்டுக் கடந்த சில ஆண்டுகளில் நான்கைந்து குடும்பங்கள் என்னிடம் வந்து போயின. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எங்கள் பக்கத்து ஊர்களில், ஆங்கிலத்தில் வந்த கடிதம் எதுவாயினும் பத்திரிகைக்காரனிடம் கொண்டுவந்து காட்டும் வழக்கம் இன்னும் இருக்கின்றது. காணிக் கடிதம், வெளிநாட்டு வேலை ஒப்பந்தம், வங்கி அறிவித்தல் என்றிருந்த அந்த வரிசையில் இப்போது கருத்தரிப்புச் சிகிச்சை நிலையங்களின் அறிக்கைகளும் சேர்ந்துகொண்டன. வரியை மொழிபெயர்ப்பது இலகு. ஆனால் அதைக் கேட்டவுடன் மாமி மருமகளைத் திரும்பிப் பார்க்கும் ஒரு பார்வை உண்டு. அந்தப் பார்வைக்கு என்னிடம் மொழிபெயர்ப்பு இருக்கவில்லை.

நான் கலைப்பட்டதாரி. விஞ்ஞானம் எனக்குச் சாதாரண தரப் பரீட்சையுடன் முடிந்துபோன விடயம். எனினும் முட்டை முதிர்வது என்றால் என்ன, அதனை முதிரச் செய்வது எது என்று தேடி வாசிக்கத் தொடங்கியபோது, விடையைக் காட்டிலும் அந்த விடை கிடைத்த வரலாறே என்னை அதிகம் ஈர்த்தது. முயலில் தொடங்கி, கடல் முள்ளெலியிலும் நட்சத்திர மீனிலும் தவளையிலும் நடந்து, பசுபிக் சமுத்திரத்தின் தனித்தீவொன்றின் மண்ணிலும் கால் பதித்து வந்த வரலாறு அது. இடையில் கல்கத்தாவில் ஒரு வைத்தியரின் உயிரையும் குடித்தது.

ஒரு சொல் முன்கூட்டியே. எங்கள் பாடநூல்கள் 'கலம்' என்று சொல்வதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் செல் அல்லது உயிரணு என்று கொள்க. அங்கே ஹார்மோன், இங்கே ஓமோன். பொருள் ஒன்றே.

பெண்ணின் முட்டைக்கலம் அவள் பிறப்பதற்கு முன்னரே உருவாகிவிடுகின்றது. தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கையில் அவளது சூலகங்களில் அறுபது, எழுபது இலட்சம் முட்டைக்கலங்கள் இருக்கும். பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சம். பூப்பெய்தும் வயதில் மூன்று, நான்கு இலட்சம். ஆயுளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ நானூறு மாத்திரமே. இவை ஒவ்வொன்றும் ஒடுக்கற்பிரிவு எனப்படும் கலப்பிரிவைத் தொடங்கிவிட்டு நடுவழியில் நின்றுவிட்டவை. பதின்மூன்று வயதில் வெளிவரும் முட்டை பதின்மூன்று ஆண்டுகளும், நாற்பது வயதில் வெளிவருவது நாற்பது ஆண்டுகளும் அவ்வாறே நின்றிருக்கின்றது. நின்றுபோன அந்தப் பிரிவை மீண்டும் தொடங்கி, விந்தை ஏற்கும் நிலைக்கு வருவதைத்தான் வைத்தியர்கள் முதிர்ச்சி என்கின்றனர்.

பாலூட்டிகளின் முட்டையை முதன்முதலாக நுணுக்குக்காட்டியில் இனங்கண்டவர் கார்ல் ஏர்ண்ஸ்ட் வொன் பேயர். ஆண்டு 1827, விலங்கு நாய். அதற்குப் பின் நூறு ஆண்டுகள் கழித்தே முதிர்ச்சி பற்றிய முதலாவது பெரிய தடயம் கிடைத்தது. 1935 இல் அமெரிக்காவில் கிரெகரி பின்கஸ், என்ஸ்மன் என்னும் இருவரும் முயலின் சூலகத்திலுள்ள புடைப்பிலிருந்து முட்டைக்கலத்தை வெளியே எடுத்து வளர்ப்புத் திரவத்தில் இட்டபோது, அது எவ்வித ஓமோனும் இன்றித் தானாகவே பிரிவைத் தொடங்கிற்று. அப்படியானால் முட்டைக்கு முதிரத் தெரியும். சுற்றியிருக்கும் கலங்கள்தாம் அதனைத் தடுத்து வைத்திருக்கின்றன என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். முடிவு சரியானதே. ஆயினும் அதில் பாதிதான் உண்மை இருந்தது. மற்றப் பாதி வெளிவர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன.

பின்கஸ் மனித முட்டை பன்னிரண்டு மணித்தியாலங்களில் முதிர்வதாக எழுதியிருந்தார். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ரொபர்ட் எட்வர்ட்ஸ் அதனை நம்பி, சத்திரசிகிச்சைகளில் அகற்றப்பட்ட சூலகத் துண்டுகளிலிருந்து எடுத்த முட்டைகளைப் பன்னிரண்டு மணித்தியாலம் வைத்துப் பார்த்தார். அசைவில்லை. கிடைக்கும் முட்டைகளோ மிகச் சில. அவற்றைப் பிறகு இன்னும் நீண்ட நேரம் வைத்திருந்து, இருபத்தைந்தாம் மணித்தியாலத்தில் முதல் அசைவைக் கண்டார். முழு முதிர்ச்சிக்கு முப்பத்தாறு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. 1965 இல் இந்தக் கணக்கு அச்சேறிற்று. 1969 இல் அவ்வாறு பாத்திரத்தில் முதிர்ந்த முட்டைகளை அவர் பாத்திரத்திலேயே கருக்கட்டவும் செய்தார்.

ஆனால் அந்தக் கருக்கள் ஒரு தடவை பிரிந்ததற்கு அப்பால் வளரவில்லை. பார்வைக்கு முதிர்ந்த முட்டை, நிறமூர்த்தங்கள் ஒழுங்காகப் பிரிந்திருந்தன, விந்தையும் ஏற்றுக்கொண்டது. எனினும் உள்ளே ஏதோ குறைந்திருந்தது. எட்வர்ட்ஸ் வேறு வழிக்குத் திரும்பினார். உடலுக்குள்ளேயே முதிர விட்டு, வெளிப்படுவதற்குச் சற்று முன்னர் முட்டையை எடுப்பது என்று தீர்மானித்தார். பெற்றிக் ஸ்டெப்டோவின் வயிற்றுநோக்கிக் கருவியும் ஜீன் பர்டி என்னும் தாதியின் கைத்திறனும் அதற்கு உதவின. 1978 யூலை 25 ஆம் திகதி லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உலகம் குழந்தையைக் கொண்டாடிற்று. பாத்திரத்தில் முதிர்ந்த முட்டைக்கு என்ன குறை என்ற கேள்வி அப்படியே கிடப்பில் கிடந்தது.

லூயிஸ் பிறந்து எழுபது நாட்கள் கழித்து, ஒக்டோபர் 3 ஆம் திகதி, கல்கத்தாவில் இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாயவின் வழி எட்வர்ட்ஸின் வழியன்று. அவர் ஓமோன் ஊசிகளால் சூலகத்தைத் தூண்டி ஒரே தடவையில் பல முட்டைகளை முதிரச் செய்தார். கருக்கட்டிய முளையத்தை உறைய வைத்தார். பின்னர் வந்த இயற்கையான சுழற்சியொன்றில் அதனைக் கருப்பையில் வைத்தார். இன்று உலகெங்கும் நடைமுறையிலுள்ள சிகிச்சை பெரும்பாலும் இந்த வழியையே ஒத்தது. ஆனால் மேற்கு வங்க அரசு நியமித்த விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. யப்பானில் நடந்த மாநாட்டுக்குச் செல்ல அனுமதி மறுக்கப்பட்டது. கடைசியில் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு இடமாற்றினார்கள். ஓமோன் ஆராய்ச்சியாளனுக்குக் கண்ணில் என்ன வேலை? 1981 யூன் 19 ஆம் திகதி அவர் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். 1997 இல், இந்தியாவின் முதலாவது சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் என்று அதுவரை அறியப்பட்டிருந்த ஆனந்த் குமார், முகோபாத்யாயவின் குறிப்பேடுகளை வாசித்துவிட்டு, அந்தப் பெருமை எனதல்ல, அவருடையது என்று 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார். எனது தொழிலில் நாற்பது ஆண்டுக்குப் பிந்திய மறுப்பறிக்கைகளைக்கூடக் கண்டிருக்கிறேன்; தனது பெருமையைத் தானே இறக்கி வைத்த மறுப்பறிக்கை இதுவொன்றுதான்.

இதற்கிடையில் எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல்களில் இந்தச் சிகிச்சை ஆகுமா என்ற கேள்வியும் எழுந்ததுண்டு. 1980 ஆம் ஆண்டிலேயே எகிப்திலிருந்து அதற்கு மார்க்கத் தீர்ப்பு வந்துவிட்டது. கணவன், மனைவி ஆகிய இருவருக்கிடையில் மாத்திரம் நடக்குமாயின் ஆகும் என்பது அதன் சாரம். ஆகவே எங்கள் ஊர்களில் தடையாக இருந்தது மார்க்கமன்று, பணமும் கொழும்புக்கான தூரமுமே.

சரி, பாத்திரத்தில் முதிர்ந்த முட்டைக்கு என்ன குறை? இந்தக் கேள்விக்கான விடை வைத்தியசாலைகளில் இருக்கவில்லை. கடற்கரையில் இருந்தது.

ஒலுவிலில் இருந்துகொண்டு இதனை எழுதுகையில் ஒரு எண்ணம் எழாமலில்லை. இங்கே பல்கலைக்கழகமும் துறைமுகமும் அருகருகே இருக்கின்றன. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமானது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. அதன் வாயை மணல் அடைத்ததையும், வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் தின்றதையும், தென்னைகள் வேரோடு சாய்ந்ததையும் இந்தப் பக்கத்தில் போதுமானளவு எழுதிவிட்டேன். அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் என்னும் ஊரும் ஒரு கடலோரக் கிராமமே. அங்கே 1888 இல் ஒரு கடல் உயிரியல் ஆய்வுகூடத்தை அமைத்தார்கள். ஆய்வாளர்கள் ஒவ்வொரு கோடையிலும் அங்கு கூடி, கடலிலிருந்து முள்ளெலிகளையும் சிப்பிகளையும் வாளியில் அள்ளிவந்து வெட்டிப் பார்த்தார்கள். கடல் முள்ளெலியின் முட்டை கண்ணாடிபோலத் தெளிவானது. ஒரே விலங்கிடமிருந்து இலட்சக்கணக்கில் கிடைக்கும். மனுசியின் சூலகத்திலிருந்து ஒரு முட்டையை எடுக்கப்படும் பாடு அங்கில்லை.

1936 இல் எத்தல் பிரவுன் ஹார்வி என்னும் பெண்மணி கடல் முள்ளெலி முட்டையை வேகமாகச் சுழற்றி இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியில் கரு இருக்காது. கருவில்லாத அந்தப் பாதியைத் தூண்டியபோது அதுவும் பிரியத் தொடங்கிற்று. கட்டளை எல்லாம் கருவிலிருந்து வருகின்றது என்றிருந்த காலத்தில் இது பெரும் புதிர். 1960களில், கருவிலிருந்து புதிய தூது ஆர்.என்.ஏ. எழுதப்படுவதைத் தடுக்கும் அக்டினோமைசின் என்னும் மருந்தைக் கொடுத்தும் முட்டை புரதத்தை உற்பத்தி செய்துகொண்டே இருந்ததைக் கண்டார்கள். அப்போதுதான் விடயம் தெளிவாயிற்று. தூது ஆர்.என்.ஏ. என்பது இன்ன புரதத்தை இவ்வாறு செய் என்று கரு எழுதி அனுப்பும் கடிதம். மற்றக் கலங்கள் தேவைப்படும்போது எழுதி, வேலை முடிந்ததும் கிழித்துவிடுகின்றன. முட்டைக்கலமோ வளரும் காலத்திலேயே எல்லாக் கடிதங்களையும் எழுதிக் குழியவுருவில் அடுக்கி வைத்துக்கொள்கின்றது. முதிரும் வேளையில் எழுத்து வேலை முற்றாக நின்றுவிடும். அப்போதிருந்து, மனிதரில் கரு நான்கு அல்லது எட்டுக் கலங்களாகப் பிரியும் வரைக்கும், பழைய கடிதங்களை வாசித்தே காலந்தள்ள வேண்டும்.

அப்படியானால் முழு விடயமும் ஒரே கேள்விக்குள் அடங்கிவிடுகின்றது. எந்தக் கடிதத்தை எப்போது பிரிப்பது என்று யார் சொல்கிறார்கள்?

யப்பானில் ஹருவோ கனதானி நட்சத்திர மீனில் இதனைத் தேடினார். முட்டையைச் சூழ்ந்திருக்கும் கலங்கள் சுரக்கும் ஒரு சிறு பொருளே முட்டையை முதிரச் செய்கின்றது என்று கண்டு, 1969 இல் அதன் இரசாயனப் பெயரையும் கூறினார். வியப்பு யாதெனில், அந்தப் பொருளை முட்டையின் வெளியே விட்டால் வேலை செய்யும். ஊசிமூலம் உள்ளே செலுத்தினால் செய்யாது. தவளையிலும் இதே கதைதான். புரோஜெஸ்டிரோன் ஓமோன் வெளியே இருந்தால் முட்டை முதிரும். உள்ளே செலுத்தினால் அசையாது. ஆக ஓமோன் நேராக உள்ளே போய்க் கட்டளையிடுவதில்லை. வாசலில் நின்று கதவைத் தட்டுகின்றது. உள்ளே வேறு யாரோ எழுந்து வேலையைத் தொடங்குகிறார்கள்.

அந்த 'யாரோ'வைத் தேடியவர் யோஷியோ மசுயி. முதிர்ந்த தவளை முட்டையின் குழியவுருவில் ஒரு துளியை எடுத்து முதிராத முட்டையில் செலுத்தினார். ஓமோன் இல்லாமலே அது முதிர்ந்தது. 1971 இல் மார்க்கட்டுடன் சேர்ந்து இதனை வெளியிட்டார். துளியிலிருந்த பொருள் எது என்று தெரிய மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. அதற்கான சாவியும் வூட்ஸ் ஹோலிலேயே கிடைத்தது. 1980 இல் டிம் ஹன்ட் உள்ளிட்டோர் ஒரு சிப்பியினத்தில், கருக்கட்டுவதற்கு முன்னும் பின்னும் முட்டையிலுள்ள கடிதங்கள் ஒன்றேயாக இருக்க, உண்டாகும் புரதங்கள் மாத்திரம் மாறுவதைக் கண்டனர். 1982 கோடையில் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டையில், கலம் பிரியும் ஒவ்வொரு தடவையும் சேர்ந்து சேர்ந்து மறையும் ஒரு புரதத்தைக் கண்டு அதற்குச் சைக்ளின் என்று பெயரிட்டார். மசுயியின் துளியிலிருந்தது இந்தச் சைக்ளினும் இன்னொரு நொதியமும் சேர்ந்த இணையே என்பது 1988 இல் உறுதியாயிற்று. 2001 இல் ஹன்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மசுயிக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இது நியாயமாகப்படவில்லை. அப்படி எண்ணும் விஞ்ஞானிகளும் உண்டு.

பாலூட்டிகளுக்கு வருவோம். 1989 இல் ஜெனீவாவில் வசாலி, ஹுவார்ட்டே ஆகியோர் எலி முட்டையில் உறங்கும் கடிதமொன்றைப் பின்தொடர்ந்தனர். ஒவ்வொரு தூது ஆர்.என்.ஏ.வுக்கும் ஒரு வால் உண்டு. உறங்கும் கடிதத்தின் வால் கட்டையாக வெட்டப்பட்டிருக்கின்றது. முட்டை முதிரத் தொடங்கியதும் அந்த வால் நீள்கின்றது. நீண்டதும் இறைபோசோம்கள் வந்து வாசிக்கத் தொடங்குகின்றன. இறைபோசோம் என்பது கடிதத்தை வாசித்துப் புரதத்தைக் கோக்கும் இயந்திரம். அதன் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டி 2009 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். வாலை நீட்டுவதா, கட்டையாகவே வைத்திருப்பதா என்று பிடித்து வைத்திருக்கும் புரதத்தை ஜோயல் ரிக்டரின் குழு 1994 இல் தவளையில் இனங்கண்டது. எலியிலும் அதே புரதமே இந்த வேலையைச் செய்கின்றது.

வால் மாத்திரம் போதாது. இறைபோசோம் கடிதத்தின் தலைப்பக்கத்தைப் பற்றவும் வேண்டும். அந்தத் தலைப்பக்கத்தின் காவலனைத் தேடிய கதைதான் இந்த வரலாற்றிலேயே எனக்குப் பிடித்தமானது.

1964 இன் இறுதியில் கனேடியக் கடற்படைக் கப்பலொன்று ஈஸ்டர் தீவுக்கு ஒரு மருத்துவக் குழுவை ஏற்றிச் சென்றது. தீவின் மக்களைப் பரிசோதித்த அக்குழு, திரும்பி வருகையில் மண் மாதிரிகளையும் கொண்டுவந்தது. மொன்றியலில் அயெர்ஸ்ட் மருந்துக் கம்பெனியில் பணிபுரிந்த சுரேந்திர நாத் சேகல் அந்த மண்ணிலிருந்த பக்டீரியா ஒன்றிலிருந்து 1972 இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். சேகல் 1932 இல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள பஞ்சாபில் பிறந்து, பிரிவினையின்போது குடும்பத்துடன் டில்லிக்கு வந்தவர். ராப்பா நூயி என்பது தீவின் பெயர். மருந்துக்கு ரப்பமைசின் என்று பெயரிட்டார்கள். முதலில் பூஞ்சண நோய்க்கு மருந்தாக அதனை நினைத்தார்கள். பின்னர் கம்பெனி ஆர்வமிழந்தது. 1980களின் தொடக்கத்தில் மொன்றியல் ஆய்வுகூடம் மூடப்பட்டபோது, சேகல் அந்தப் பக்டீரியாவைச் சிறு குப்பிகளில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டியில், சாப்பிடக் கூடாது என்று எழுதி ஒட்டி, பனிக்கட்டிப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் என்பர். நிர்வாகம் மாறிய பின் மீண்டும் வாதாடி ஆராய்ச்சியை எழுப்பினார். 1999 இல் அமெரிக்காவில் அது சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கான மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. 2003 இல் சேகல் புற்றுநோயால் காலமானார்.

அந்த மருந்து கலத்துக்குள் எதைப் போய்ப் பிடிக்கின்றது என்பதை 1991 இல் சுவிற்சர்லாந்தில் ஹெய்ட்மன், மொவ்வா, ஹோல் ஆகிய மூவரும் மதுவத்தில் கண்டறிந்தனர். 1994 இல் பாலூட்டிகளிலும் அது அகப்பட்டது. இன்று அதன் பெயர் எம்டோர். கலத்துக்கு உணவு உண்டா, வளர்ச்சிச் செய்தி வந்திருக்கின்றதா என்று பார்த்து, புரத உற்பத்தியைத் திறந்துவிடும் அல்லது மூடிவிடும் நொதியம் அது. கடிதத்தின் தலையைப் பற்றும் புரதத்தை வேறொரு சிறு புரதம் கட்டிப்போட்டு வைத்திருக்கும். எம்டோர் விழித்தெழுந்தால் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். உடனே வாசிப்புத் தொடங்கும். எங்கள் வயல்களில் வட்டவிதானை வந்து வாய்க்காலின் பலகையைத் தூக்கினால்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும். அதுபோலத்தான் இது.

இனி முட்டையைச் சுற்றியிருக்கும் சிறு கலங்களுக்குத் திரும்பலாம். மாதத்தின் நடுவில் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஓமோன் பெருக்கெடுத்து வருகின்றது. அதனை ஏற்கும் வாங்கிகள் புடைப்பின் வெளிச்சுவர்க் கலங்களில் இருக்கின்றன. முட்டைக்கு அது கேட்பதேயில்லை. அப்படியானால் செய்தி எவ்வாறு உள்ளே போகின்றது? 2004 இல் மார்க்கோ கொன்டியின் குழு அமெரிக்காவில் இதற்கு விடை கண்டது. வெளிச்சுவர்க் கலங்கள் ஓமோனைக் கேட்டதும் அம்பிரெகுலின் முதலிய வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன. முட்டையை ஒட்டியிருக்கும் உட்கலங்கள் அவற்றைக் கேட்கின்றன. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் மேலும் இரண்டு குழுக்கள் முட்டை நின்றிருப்பதற்கான காரணத்தைத் தெளிவாக்கின. சுற்றுக் கலங்கள் நுண்ணிய துவாரங்கள் வழியே முட்டைக்குள் ஒரு பொருளை இடைவிடாமல் ஊட்டி வருகின்றன. அது இருக்கும்வரை முட்டை நின்றிருக்கும். ஓமோன் வந்ததும் ஊட்டுவதை நிறுத்திவிடுகின்றன. பின்கஸின் முயல் முட்டை தானாக முதிர்ந்ததன் காரணம் இதுதான். வெளியே எடுத்தவுடன் ஊட்டுவார் இல்லை. தடை நீங்கிற்று.

ஆனால் தடை நீங்குவதும் கட்டளை கிடைப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டியது 2013 இல் அதே கொன்டியின் குழு வெளியிட்ட ஆய்வு. அதுவரை, முட்டை ஒரு தடவை தொடங்கிவிட்டால் கடிதங்களைப் பிரிக்கும் ஒழுங்கு முழுவதும் அதனுள்ளேயே இருக்கின்றது என்றே எண்ணியிருந்தனர். எலி முட்டைகளைத் தனியாகவும் சுற்றுக் கலங்களுடன் சேர்த்தும் வளர்த்துப் பார்த்தபோது, கலங்களுடன் இருந்த முட்டைகளில் சில குறிப்பிட்ட கடிதங்கள் கூடுதலாக வாசிக்கப்பட்டன. கருவாக வளர்வதற்குத் தேவையான புரதங்களும் அவற்றுள் அடங்கும். அம்பிரெகுலின் இருந்தால் வாசிப்பு இன்னும் கூடிற்று. அந்தக் காரணி முட்டையைத் தொடுவதேயில்லை, சுற்றுக் கலங்களையே தொடுகின்றது. அம்பிரெகுலின் இல்லாமல் பிறந்த எலிகளில் அந்தக் கடிதங்கள் சரிவர வாசிக்கப்படவில்லை. முட்டைகளின் தரமும் குட்டிகளின் தொகையும் குறைந்தன. சுற்றுக் கலங்களின் செய்தி முட்டைக்குள் எந்த வழியாகப் போகின்றது என்று பார்த்தார்கள். ஈஸ்டர் தீவு மண் காட்டிக்கொடுத்த அதே எம்டோர் வழியாக.

1969 இல் எட்வர்ட்ஸின் பாத்திரத்தில் நின்றுபோன கருக்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நிறமூர்த்தங்கள் பிரிந்தன, ஏனென்றால் தடை நீங்கியிருந்தது. உள்ளே பல கடிதங்கள் பிரிக்கப்படாமலே கிடந்திருக்கக்கூடும். சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. இது என்னுடைய வாசிப்பு. அந்த முட்டைகளை இனி எவரும் சோதிக்க முடியாது.

பின்னர் வந்தவை விவரங்கள். 2015 இல் செக் நாட்டின் லிபெக்கோவ் ஆய்வுநிலையத்தில் அந்திரே சுசோர் குழுவினர், எம்டோர் வழியான புரத உற்பத்தி முட்டைக்குள் எங்கும் ஒரே சீராக நடப்பதில்லை, நிறமூர்த்தங்களைச் சுற்றியுள்ள பகுதியிலேயே செறிந்து நடக்கின்றது என்று காட்டினர். 2022 இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் மெலினா ஷூ குழுவினர், எலி முதல் மனிதர் வரை பாலூட்டி முட்டைகளில் கடிதங்கள் அடுக்கப்பட்டிருக்கும் அறை எது என்று கண்டனர். இழைமணிகளைச் சுற்றி, மென்சவ்வு எதுவுமின்றித் திரண்டு நிற்கும் ஒரு களஞ்சியம் அது.

எங்கள் பக்கத்தில் எருமை வளர்ப்போருக்கு இந்த விடயம் முற்றிலும் அந்நியமானதன்று. சட்டித் தயிருக்குப் பேர்போன எருமைகளின் இனத்தில்தான் இந்தியா இந்தத் துறையில் உலகுக்கு முந்திக்கொண்டது. 1990 இல் அரியானா மாநிலத்தின் கர்னாலிலுள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 'பிரதம்' என்னும் கன்று பிறந்தது. பாத்திரத்தில் கருக்கட்டிப் பிறந்த உலகின் முதலாவது எருமைக் கன்று. கொல்களத்தில் வீசப்படும் சூலகங்களிலிருந்து முதிராத முட்டைகளைச் சேகரித்துச் சுற்றுக் கலங்களுடனேயே முதிர வைப்பது இந்த வேலையின் அடிப்படை. மாட்டு வைத்தியர்கள் சுற்றுக் கலங்கள் செழிப்பாக ஒட்டியிருக்கும் முட்டைகளையே தெரிந்தெடுப்பார்கள். கலங்கள் கழன்று வெறுமையாக இருப்பவற்றை ஒதுக்கிவிடுவார்கள். காரணம் பின்னர்தான் தெரியவந்தது. கைப்பழக்கம் முன்னரே அறிந்திருந்தது.

மனிதரிலும் முதிராத முட்டையை எடுத்துப் பாத்திரத்தில் முதிரச் செய்து பிள்ளை பெறும் முறை 1991 இல் தென்கொரியாவிலும், 1994 இல் அவுஸ்திரேலியாவிலும் வெற்றி கண்டது. சூலகத்தில் நீர்க்கட்டிகள் உள்ள பெண்களுக்கு வழக்கமான ஊசிகள் ஆபத்தாகலாம்; சூலகம் அளவுக்கு மீறி வீங்கி உயிருக்கே கேடு வருவதுண்டு. அவர்களுக்காகவே இந்த முறை முக்கியமாகக் கருதப்பட்டது. ஆயினும் வெற்றி விகிதம் நீண்டகாலம் தாழ்ந்தே கிடந்தது. பெல்ஜியத்திலும் வியட்நாமிலும் உள்ள ஆய்வாளர்கள் மேற்சொன்ன கண்டுபிடிப்புகளை அப்படியே பாத்திரத்துக்குக் கொண்டுவந்தனர். எடுத்த முட்டையை உடனே முதிர விடாமல், முதல் நாள் தடைப்பொருளைக் கொடுத்து நிறுத்தி வைப்பது. சுற்றுக் கலங்களுடன் உரையாட அவகாசம் கொடுப்பது. மறுநாள் அம்பிரெகுலினைக் கொடுத்து எழுப்புவது. ஹோ சி மின் நகரில் 546 பெண்களிடம் இந்த முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்ட ஆய்வு 2020 இல் வெளியாயிற்று. முதலாவது முளைய மாற்றத்தில் குழந்தை பெற்றோர், புதிய முறையில் நூற்றுக்கு 35; வழக்கமான முறையில் நூற்றுக்கு 43. இடைவெளி இன்னும் இருக்கின்றது. ஆனால் ஊசிகளால் சூலகம் வீங்கும் ஆபத்து புதிய முறையில் எவருக்கும் நேரவில்லை.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு நான் இப்போது சொல்வது சில விடயங்களே. வழக்கமான சிகிச்சையில் எடுக்கப்படும் முட்டைகளுள் ஐந்திலொன்று முதிராமலிருப்பது சாதாரணம்; அது பெண்ணின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பன்று. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கும். ஆகவே மருமகளைப் பார்க்குமுன் மகனின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். எல்லாமே முதிராமல் வந்திருந்தால் வைத்தியரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது, முட்டை எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பது. மூளையடிச் சுரப்பி அனுப்பும் அந்த ஓமோன் பெருக்குக்குப் பதிலாகத்தான் அந்த ஊசி போடப்படுகின்றது. ஊசியிலிருந்து சுற்றுக் கலங்களுக்கு, அங்கிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து கடிதங்களுக்கு என்று செய்தி போய்ச்சேர நேரம் வேண்டும். அம்பாறைக் கரையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் புறப்படும் அவசரத்தில் அந்த ஊசி ஓரிரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ போகக்கூடியது. இன்று சிகிச்சை நிலையங்கள் ஊசிக்கும் முட்டை எடுப்பதற்குமிடையில் வைக்கும் இடைவெளி முப்பத்து நான்கு முதல் முப்பத்தாறு மணித்தியாலங்கள். எட்வர்ட்ஸ் 1965 இல் தமது கண்ணாடிப் பாத்திரத்துக்கு முன்னால் காத்திருந்து எண்ணிய கணக்கு அது.